வெரோனாவில் மூன்று நாள்

இத்தாலி நாடு செல்வோர் உரோமாபுரி, பிளாரன்ஸ், வெனிஸ் என்னும் மூன்று நகர்களையும் கண்டு மீள்வதே பெருவழக்கு. யாமோ அம்மூன்றனுள் ஒன்றையேனும் காணாது மீண்டோம். "இத்தாலிக்குப் போனாயாமே, உரோமாபுரியைப் பார்க்கவில்லையா?" என்று எம்மைக் கேளாதார் இக்கல்லூரியில் இலர், ஆசிரியர் முதல் விடுதிச் சமையற்காரர் ஈறாக அனைவரும் கேட்டுவிட்டனர். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே விடை கூறுதல் இயலாமையின், அனைவர்க்கும் ஒருங்கே விடையாக இதனை எழுதப் புகுந்தோம். யாம் கண்டது வெரோனா என்னும் ஒரு நகரமே; ஆண்டுத் தங்கியது மூன்று நாள்களே. ஆயினும் அம்மூன்று நாள்களைக் குறைவெனக் கருதும் எண்ணம் எமக்கில்லை.

எம் அத்தையார் ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரில் நெடுங்காலமாகச் செவிலியர் பணி புரிந்து வருகின்றார். சென்ற கோடை விடுமுறையில் பயணச் செலவைத் தாமே ஏற்று எம்மை ஆண்டழைத்தார். அந்நகரிலேயே எம் நண்பர் ஒருவரும் உளர். பெயர் சுட்டாமலே எம் வகுப்பினர் அவரை அறிந்துகொள்வர். தமிழ்ச் சிறப்பு வகுப்பின் முதலாண்டில் எம் அருகிருந்து பயின்றவர் அவர். தாமிரபரணிக் கரையில் இரண்டு ஏக்கர் நன்செய் உழுதுண்ணும் குடியிற் பிறந்தவர். நன்னூற் சூத்திரங்களை யாமெல்லாம் ஏடு பார்த்தும் தடுமாறி ஓதுங்காலை, அவர் தம் வயல்வரப்பில் நடப்பார்போல இயல்பாகச் சொல்லிச் செல்வார். தந்தையார் நோய்வாய்ப்பட்டு வீட்டிற் கடன் மிகவே, முதலாண்டுத் தேர்வெழுதியதும் கல்லூரியை விட்டு நீங்கினார். பத்துத் திங்கள் ஜெர்மன் மொழி கற்று, மியூனிக்கில் மருத்துவமனை ஒன்றிற் செவிலியர் பயிற்சியிற் சேர்ந்தார். அந்நாட்டிற் பயிற்சிக் காலத்தும் ஊதியம் தருவராதலின், மாதந்தோறும் அவர் வீட்டிற்குப் பணம் வருகின்றது. விடுதியை விட்டுப் புறப்பட்ட நாளில், தம் நன்னூற் காண்டிகையுரைப் படியை எம் மேசைமேல் வைத்து, "இனி இஃது உனக்கு" என்று மட்டும் கூறிச் சென்றார்.

அதன்பின் அவரிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தியும் வந்ததில்லை. கைப்பேசியிற் குரற்செய்தி வரும். அதுவும் பணி முடிந்து களைத்த குரலாகவே இருக்கும். தமிழ்க் கல்வியை விட்டது குறித்து அவர் உள்ளத்தே வருத்தம் உண்டோ இல்லையோ என்பதை அறிய எமக்குப் பெருவிருப்பு. கேட்டால் ஆறிய புண்ணைக் கிளறுவதாகுமோ என்னும் அச்சமும் உடனிருந்தது. ஜூன் திங்கள் முதல் வாரத்தில் அவர்க்கு மூன்று நாள் தொடர்ந்து ஓய்வு கிடைத்தது. "எங்கேனும் போய்வருவோம்" என்று அவரே சொன்னார். வண்டி மாறாமற் செல்லலாம் என்பதாலும், கட்டணம் எம் கைக்கு அடங்கியதாலும் வெரோனாவைத் தேர்ந்தோம். காரணம் அவ்வளவே.

காலையில் மியூனிக்கை விட்ட வண்டி, ஆஸ்திரிய நாட்டு இன்ஸ்புருக் நகரைக் கடந்து, ஆல்ப்ஸ் மலையில் ஏறக்குறைய 1,370 மீட்டர் உயரத்திலுள்ள பிரென்னர்க் கணவாயை அடைந்து, ஆண்டிருந்து தெற்கே இறங்குகின்றது. கணவாய்க்கு வடபால் மேகமும் குளிரும். தென்பால் ஆப்பிள் தோட்டங்களும் திராட்சைப் பந்தர்களும் வெயிலும். போல்ட்சானோ நகரருகே அடிஜே ஆறு வழித்துணையாகச் சேர்ந்துகொள்கின்றது. இத்தாலியில் போ ஆற்றிற்கு அடுத்த நீளமுடையது இதுவே. ஏறக்குறைய 410 கிலோமீட்டர் ஓடிக் கடல் சேர்வது. வெரோனா நகரின் நடுவே அது பாம்புபோல் வளைந்து நெளிந்து செல்கின்றது. பனிமலை நீராதலின் கோடையிலும் விரைந்தோடும் அவ்வாற்றைப் பாலத்தினின்று நோக்கிய நண்பர், "இதில் இறங்கிக் குளிக்க ஒரு படித்துறையில்லையே" என்று வருந்தினார். தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தார்க்கு வேறென்ன தோன்றும்!

நகரின் நடுவணதாகிய பெரிய வெளியில் அரேனா என்னும் வட்டரங்கம் நிற்கின்றது. உரோமர் கி. பி. முதல் நூற்றாண்டில் எடுத்தது. 1117-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் புறச்சுவர் இடிந்து வீழ்ந்தது. அதில் நான்கு வளைவுகளே இன்று எஞ்சி நிற்பன. மனிதரும் விலங்கும் பொருது மடிய, அதனைக் கண்டு மக்கள் ஆர்த்த இவ்விடத்தில், 1913 முதல் கோடைக்காலத்தில் இசைநாடகம் நடத்துகின்றனர். முதலில் நடந்தது வெர்தி என்னும் இசைப் புலவர் அமைத்த 'ஐடா'. யாம் சென்றபோது அவ்வாண்டு விழா தொடங்கவில்லை. நாடகத்திற்கு வேண்டிய எகிப்தியச் சிலைகளும் தூண்களும் அரங்கின் வெளியே வெயிலிற் கிடந்தன. உண்மைக் கல்லாலாய அரங்கின் பக்கத்தே பொய்க்கல்லாலாய தூண்கள்! சிறுவன் ஒருவன் அத்தூணை விரலாற் சுண்டி, உள்ளே வெற்றிடம் என்பதறிந்து நகைத்தான்.

ஜூலியட்டின் இல்லம் எனக் காட்டப்பெறும் வீட்டைப் பற்றி ஆங்கிலத் துறை நண்பர்கள் மிகுதியும் எதிர்பார்ப்பர். அவர்கட்கு எம் கூற்று உவப்பளிக்காது. அவ்வீடு பழையதே, ஆனால் அப்பேர்பெற்ற மாடமுகப்பு இருபதாம் நூற்றாண்டிற் பொருத்தியது. ஆங்கே நின்ற கூட்டத்தில் எம் காலை எவரோ மிதிக்க, யாம் எவர் காலையோ மிதிக்க, கால் நாழிகையில் வெளிப்போந்தோம்.

அதனினும் அண்மையிலுள்ள மற்றொரு முற்றத்தில் தாந்தேயின் சிலை உண்டு; 1865-இல் நாட்டியது. பிறந்த பிளாரன்ஸ் நகரினின்று 1302-இல் நாடுகடத்தப்பெற்ற அப்புலவர் பெருமானுக்கு முதலிற் புகலளித்தது இவ்வெரோனா நகரே. பின்னரும் கான் கிராந்தே என்னும் இந்நகர்த் தலைவனை அடுத்துப் பல்லாண்டு வாழ்ந்தார். பிறர் இல்லத்து உணவின் உவர்ப்பைத் தம் காவியத்திற் குறித்தவர் அவர். சிலை மோவாயிற் கைவைத்து எதையோ எண்ணி நிற்கின்றது. நண்பர் அதன் கீழ் நெடுநேரம் அமர்ந்திருந்தார். யாமும் பேசவில்லை. சற்று நேரத்திற்குப்பின், "இவர் திரும்பிப் போனாரா?" என வினவினார். "இல்லை, 1321-இல் ரவென்னா நகரிற் காலமானார்" என்றோம். அவர் எழுந்து நடந்தார்.

இரண்டாம் நாட் காலை கற்பாலம் கண்டோம். பொன்த்தே பியெத்ரா என்பது அதன் பெயர். பொருளும் கற்பாலம் என்பதே. ஐந்து கண்களையுடைய அப்பாலம் உரோமர் காலத்தில் தோன்றிப் பலமுறை பழுது பார்க்கப்பெற்றது. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களிற் பின்வாங்கிய ஜெர்மானியப் படை, நகரின் பாலங்கள் அனைத்தையும் வெடிவைத்துத் தகர்த்தது. போர் ஓய்ந்தபின், வீழ்ந்த கற்களை ஆற்றுப் படுகையினின்றும் எடுத்து, பழைய படங்களைத் துணைக்கொண்டு, 1957 முதல் 1959 வரை அப்பாலத்தை மீட்டும் கட்டினர். உரோமர் இட்ட வெண்கற்கள் ஒருபால். பிற்காலத்தார் இட்ட செங்கற்கள் ஒருபால். எங்கே பழுது நேர்ந்தது என்பது நன்கு தெரிகின்றது. மறைக்க முயலாமையே அதற்கு அழகு என்பது எம் கருத்து.

அன்று பிற்பகல் சேனோ அடியாரின் ஆலயம் சென்றோம். நகரின் மேற்கே சிறிது ஒதுங்கியிருத்தலின் கூட்டம் இல்லை. வாயிற் கதவுகளில் வெண்கலத் தகடுகள் 48. வேத சரித்திரங்களையும் அவ்வடியாரின் அற்புதங்களையும் எழுத்தறியா மக்களும் கண்டறியுமாறு ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன் வார்த்தவை. உள்ளே மந்தேஞா என்னும் ஓவியர் தீட்டிய பீடப்படம் ஒன்று உண்டு. 1797-இல் நெப்போலியன் படையினர் அதனைப் பிரான்சிற்குக் கொண்டுசென்றனர், பெரும்படங்கள் மீண்டன, அடியிலுள்ள மூன்று சிறுபடங்கள் இன்றும் பிரான்சிலேயே உள்ளன. ஈண்டிருப்பன அவற்றின் படிகளே.

எம்மை நிறுத்தியது அவ்வோவியமன்று, ஒரு சிலை. சேனோ என்பார் நான்காம் நூற்றாண்டில் வெரோனாவின் அத்தியட்சராய் இருந்தவர். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பது மரபு. அவருடைய கற்சிலை வண்ணந்தீட்டி வைக்கப்பட்டுள்ளது. முகம் கரியது, வாய் நகைக்கின்றது. 'நகைக்கும் சேனோ' என்றே ஊரார் அழைப்பர். கையிலுள்ள செங்கோலினின்று ஒரு மீன் தொங்குகின்றது. தம் உணவிற்குத் தாமே அடிஜே ஆற்றில் மீன்பிடித்து எளிமையாய் வாழ்ந்தார் என்பர். எம் நாட்டுத் திருச்சபையிலும் அந்நாட்டுத் திருச்சபையிலும் யாம் கண்ட படங்களில் அடியார்கள் வெண்முகத்தினராய், பெரும்பாலும் வானை நோக்கி வருந்துவாராகவே இருப்பர். கரிய முகத்தோடு நேரே எம்மை நோக்கி நகைக்கும் அத்தியட்சரை யாம் கண்டதில்லை. நண்பர், "எங்கள் ஊர் ஐயர் அறுப்பின் பண்டிகையில் இப்படித்தான் சிரிப்பார்" என்றார்.

பிறகு வெளியே படியில் அமர்ந்தபோது, தம் மருத்துவமனையில் ஒரு மூதாட்டியாரைப் பற்றிக் கூறினார். அவர் முதல் வாரம் இவர் நிறங்கண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாராம்; இவர் கையால் உணவு கொள்ளாராம். இதனைச் சினமின்றி, நோய்க்குறிப்பு ஏட்டிற் பதிவது போலவே நண்பர் சொன்னார். பின்னர் என்ன ஆயிற்று என்று கேட்டோம். "அதை வண்டியிற் சொல்கின்றேன்" என்று எழுந்துவிட்டார்.

மூன்றாம் நாள் மாலையே வண்டி. காலையில் பேராலயம் சென்றவர்கள், அதனை அடுத்து ஆற்றங்கரையில் ஒரு நூல்நிலையம் உண்டென அறிந்து நுழைந்தோம். அந்நூல்நிலையத்தின் பெயர் காப்பிட்டோலாரே. பேராலயக் குருமார் சபைக்குரியது. இன்றும் இயங்கும் நூல்நிலையங்களுள் உலகிலேயே தொன்மையானது எனப் போற்றப்பெறுகின்றது. உர்சிசினுஸ் என்னும் வாசகர் ஒருவர் தாம் படியெடுத்த ஏட்டின் இறுதியில் தம் பெயரையும் நாளையும் குறித்திருக்கின்றார். அந்நாள் 517-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள். பதினேழாம் நூற்றாண்டில் ஆற்று வெள்ளத்திற்கு அஞ்சிப் பழஞ்சுவடிகளை ஒரு பேழையின் உச்சியில் ஏற்றிவைத்த குருவானவர், 1630-ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் இறந்தார். சுவடிகள் இருந்த இடம் எவர்க்கும் தெரியாது போயிற்று. 1712-இல் ஷிப்பியோனே மஃபெயி என்னும் அறிஞர் காலத்திலேயே அவை மீட்டும் வெளிப்பட்டன. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடியலைந்த வரலாற்றைப் பயின்றவர்க்கு, பேழையின் மேல் எண்பதாண்டு உறங்கிய அச்சுவடிகளின் கதை வேற்றுநாட்டுக் கதையாகத் தோன்றாது. 1945 ஜனவரியில் வானினின்று வீழ்ந்த குண்டு இந்நூல்நிலையத்தின் பெருங்கூடத்தை அழித்தது. சுவடிகளை முன்னரே வேறிடத்திற்குக் கொண்டு சென்றிருந்தமையால் அவை பிழைத்தன.

வழிகாட்டிய அம்மையார் ஒரு சுவடிப் பக்கத்தின் நிழற்படத்தைக் காட்டினார். ஸ்பெயின் நாட்டில் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதிய இலத்தீன் செபப்புத்தகம் அது. எப்படியோ வெரோனா வந்து சேர்ந்தது. எட்டாம் நூற்றாண்டின் முடிவிலோ ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, ஈண்டிருந்த எழுத்தாளன் ஒருவன் அதன் ஓரத்திற் சில வரிகள் கிறுக்கி வைத்தான். 1924-இல் ஸ்கியாபரெல்லி என்னும் பேராசிரியர் கண்டு வெளியிடும்வரை அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. அஃது ஒரு விடுகதை. அம்மையார் விடையைச் சொல்லாமல், எருதுகளை முன்னே ஓட்டி, வெண்ணிறக் கழனியை வெண்கலப்பையால் உழுது, கருநிற விதையை விதைக்கும் ஒருவனைப் பற்றிய கதை எனப் பொருளை மட்டும் ஆங்கிலத்திற் கூறி, "யாது இது?" என்று எங்களைக் கேட்டார். பதினைந்து பேர் நின்றோம். கல்வியிற் சிறந்தார் என்று தோன்றிய பெரியவர் ஒருவர் புருவம் நெரித்தார்.

எம் தோளைப் பற்றிய நண்பர் மெல்லச் சொன்னார்: "ஏல, எழுத்துல்லா இது!"

நண்பர் மொழிகளைப் பிறவிடங்களிற் செந்நடைப்படுத்தி எழுதினோம். இதனை மட்டும் அவர் வாய்மொழிந்தவாறே எழுதியுள்ளோம். இதழாசிரியர் திருத்தாது விடுவாராக. எருதுகள் விரல்கள், கழனி ஏடு, கலப்பை இறகெழுதுகோல், விதை மை. அம்மையார் வியந்து, முன்னரே படித்ததுண்டோ என்று கேட்டார். நண்பர், தாம் படித்ததில்லை என்றும், தம் பாட்டனார் ஏர் பிடித்தவர் என்றும், பாட்டியார் நாளும் அந்தியில் அழிப்பாங்கதை போட்டே தமக்குச் சோறூட்டினார் என்றும் கூறினார். அவர் மொழிபெயர்க்க இடர்ப்பட்ட ஒரே சொல் 'அழிப்பாங்கதை' என்பதே.

அவ்வரிகளை இத்தாலிய மொழியின் முதற்றோற்றம் என்பாரும், பேச்சு வழக்கால் நெகிழ்ந்த இலத்தீன் என்பாரும் அறிஞருள் உளர். ஐயமற இத்தாலியம் எனத்தக்க தொன்மை ஆவணம் 960-ஆம் ஆண்டில் காப்புவா நகரில் ஒரு நிலவழக்கிற் கூறிய சாட்சிமொழியாகும். யாப்பமைந்த காவியமாகவோ திருவுரையாகவோ அன்றி, ஓரத்துக் கிறுக்கலாகவும் வயல்வழக்கின் சாட்சியாகவும் ஒரு பெருமொழி ஏடேறியது என்பது எம் நெஞ்சைத் தொட்டது. அவ்வெழுத்தாளனை எண்ணிப் பார்த்தோம். பகலெல்லாம் இலத்தீனைப் படியெடுத்துக் கை சோர்ந்திருப்பான். எழுதுகோல் ஓடுகின்றதா என்று பார்க்க ஓரத்தில் ஒருமுறை இழுத்திருப்பான். அப்போது கைக்கு வந்தது தாய்வாய்க் கேட்ட கதை. அதன் கீழேயே இலத்தீனில் கடவுட்கு நன்றி கூறும் ஒரு வரியும் உண்டு. மேற்பார்ப்பாரை அஞ்சி எழுதினானோ, உண்மை அன்பால் எழுதினானோ, எமக்குப் பின்னதே தோன்றுகின்றது.

தமிழ் மாணாக்கர்க்கு மற்றொன்றும் நினைவிற்கு வரவேண்டும். வெரோனாவின் தென்மேற்கே அண்மையிலுள்ள காஸ்திலியோனே என்னும் சிற்றூரிலேதான் 1680-இல் வீரமாமுனிவர் பிறந்தார். தேம்பாவணி பாடிய அப்பெருந்தகை, 1728-இல் நம் மக்கள் வீட்டிலும் வீதியிலும் பேசும் தமிழுக்கு இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் செய்தார். செந்தமிழுக்கும் தனியே செய்தார். இரண்டையும் இலக்கணம் பெறத்தக்கன என்று கருதிய உள்ளம் அது. எம் புரொட்டஸ்டண்டுச் சபையாரோடு அவர் கடுமையாக வாதிட்டவர். எனினும் தரங்கம்பாடியிலிருந்த அச்சபையாரின் அச்சுக்கூடமே அவ்விலக்கணத்தை 1738-இல் அச்சிட்டது. காஸ்திலியோனே சென்றுவர எமக்கு நேரமில்லை. மேற்றிசையை நோக்கி நின்று வணங்கி வந்தோம்.

மாலை வண்டியிற் கூட்டம் குறைவு. நண்பர்க்கு அடுத்த வாரம் தேர்வு. ஆதலால் உடலமைப்பும் நோயாளர் பேணலும் பற்றிய தடித்த ஜெர்மன் நூலொன்றை உடன் கொணர்ந்திருந்தார். போல்ட்சானோ கடந்தபின் அதனைத் திறந்தார். ஓரங்களெல்லாம் தமிழெழுத்து! எட்டிப் பார்த்தோம், சொற்களோ தமிழல்ல. வினவியபோதுதான் விளங்கிற்று. முதுமையால் நினைவு குன்றிய நோயாளர் பலர், பள்ளியிற் கற்ற ஜெர்மனை மறந்து, இளமையிற் பேசிய பவேரிய வட்டார வழக்கையே பேசுகின்றனராம். இவர் பத்துத் திங்கள் வருந்திக் கற்ற மொழி அவர்களிடம் உதவவில்லை. ஆதலின் அவர்கள் வாயிற் கேட்ட சொற்களைக் கேட்டவாறே தமிழெழுத்திற் குறித்துவைத்து, அவர்களிடமே பேசிப் பழகினார். தமிழெழுத்து அடங்காத ஒலிகட்குப் புள்ளியும் கோடும் தாமே இட்டு, அவ்வொலி எவ்விடத்துப் பிறக்கின்றது, நா எங்கே பொருந்துகின்றது, இதழ் குவிகின்றதா விரிகின்றதா என்று நன்னூலார் முறையிற் குறிப்பும் எழுதியிருந்தார். ஐம்பது அறுபது பக்கங்கள் அவ்வாறிருந்தன.

முகந்திருப்பிய மூதாட்டியாரின் கதையை அப்போதுதான் சொன்னார். ஓரிரவு அவர் தண்ணீர் வேண்டியதை மற்றைச் செவிலியர் உணராதிருக்க, இவர் அவ்வழக்கிலேயே விடைகூறிக் கொடுத்தாராம். இப்போது இவர் பணி முடிந்து புறப்படுந்தோறும் அவர் கையைப் பற்றி, "ஃபியாட் டி" என்கின்றாராம். கடவுள் உன்னைக் காக்க என்பது அதன் பொருள். அச்சொல்லை ஏட்டிற் காட்டினார். அதன் கீழ் மட்டும் இருமுறை கோடிட்டிருந்தது.

யாம் கேட்க வேண்டும் என்று எண்ணி வந்த வினாவைக் கேட்கவில்லை. பிரென்னர்க் கணவாயில் வண்டி நின்றது. இரவு ஒன்பது மணியாகியும் மலைமுகட்டில் வெளிச்சம் இருந்தது. நண்பரே ஒன்று கேட்டார்: "பிறப்பிற்குரிய சூத்திரங்கள் நினைவில் உள்ளன, உரை மறந்துவிட்டது. அந்தப் புத்தகம் உன்னிடம் இருக்கிறதா?"

ஊர் திரும்பிய மறுவாரம் அதனைத் துணியிற் பொதிந்து அஞ்சல் நிலையம் கொண்டுசென்றோம். கட்டணம் நூலின் விலையினும் பன்மடங்கு ஆயிற்று. எழுத்தர், பொருளின் மதிப்பைப் படிவத்தில் எழுதுமாறு கூறினார். சற்றே தயங்கி, பின்னட்டையில் அச்சிட்டிருந்த விலையையே எழுதினோம். பதினெட்டாம் நாள் கைப்பேசியில் நண்பரிடமிருந்து செய்தி வந்தது. இம்முறை குரலன்று, எழுத்து, தமிழெழுத்தில் ஒரே சொல்: "வந்துட்டு."